கையெழுத்தான பிறகு

2010 ஜூலை 21 அன்று டாட்-ஃபிராங்க் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். வங்கிகளையும் நிதிச் சந்தையையும் கட்டுப்படுத்தும் 848 பக்கச் சட்டம். 2008 நிதி நெருக்கடிக்கு அமெரிக்கா எழுதிய பதில் என்று அதைச் சொன்னார்கள். புரட்டிப் பார்த்தால் ஒரே மாதிரியான வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும்: இதற்கான விதியை இன்ன அமைப்பு வகுக்க வேண்டும், இந்தச் சொல்லுக்கு இன்ன அமைப்பு வரையறை தர வேண்டும். அப்படி ஏறத்தாழ 400 விதிகளை எழுதும் பொறுப்பு அதிகாரிகளிடம் போனது. செய்தியாளர்களின் வேலை அன்றோடு முடிந்தது. வங்கிகளுக்காக அரசிடம் பேசி விதிகளை மாற்றப் பார்க்கும் லாபிக்காரர்களுக்கு அன்றுதான் ஆரம்பம்.

வங்கி லாபி என்றதும் தேர்தல் நன்கொடையும், விருந்தும், வாக்கெடுப்புக்கு முந்தைய இரவுத் தொலைபேசி அழைப்பும் நினைவுக்கு வரும். எல்லாம் உண்டுதான். ஆனால் ஒரு சீர்திருத்தத்தை நேருக்கு நேர் தோற்கடிப்பது செலவு அதிகம், பெயரும் கெடும். சட்டத்தை நிறைவேற விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் ஒரு சொல்லையோ, ஓர் எண்ணையோ, ஒரு தேதியையோ நகர்த்துவது மலிவு. அதைக் கவனிக்க ஆளும் கிடையாது.

முதலில் நடைமுறை. ஒழுங்குமுறை அமைப்பு ஒரு முன்மொழிவை ஃபெடரல் ரெஜிஸ்டர் எனப்படும் அரசிதழில் வெளியிடும். கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 30 முதல் 60 நாள் அவகாசம், சிக்கலான விதிக்கு அதற்கும் மேல். யார் வேண்டுமானாலும் எழுதலாம். வந்தவற்றைப் படித்து, முக்கியமான ஆட்சேபங்களுக்குக் காரணத்தோடு பதில் எழுதி, அதன் பிறகே இறுதி விதியை வெளியிட முடியும். பதில் சொல்லாமல் விட்ட ஆட்சேபம் பின்னாளில் நீதிமன்றத்தில் விதியையே கவிழ்த்துவிடக்கூடும். ஆகவே கருத்துக் கடிதம் என்பது வெறும் மனு இல்லை; வழக்கின் முதல் பக்கமும் அதுதான்.

வங்கிச் சங்கம் ஒன்று காசு செலவழித்து எழுதும் கடிதம் எப்படி இருக்கும்? ஐம்பது, நூறு பக்கம் ஓடும். அதிகாரிகளிடம் இல்லாத, வங்கிகளின் உள்ளேயிருந்து எடுத்த தரவு இருக்கும். பாதிக்கப்படுபவராக வங்கி வராது. வீட்டுக்கடன் வாங்குபவர், விவசாயி, ஓய்வூதிய நிதி, கடன் பத்திரம் வெளியிடும் நடுத்தரக் கம்பெனி என்று வேறு யாராவது வருவார்கள். ‘இந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்’ என்று மாற்று வாசகம் தயாராக இருக்கும். நேரமில்லாத அதிகாரிக்கு இதைவிடப் பெரிய உதவி ஏது? கடைசியில், சட்டப்படி உங்களுக்கு இந்த அதிகாரமே கிடையாது என்றோ, செலவு-பலன் கணக்கு போதாது என்றோ ஒரு பகுதி. அது அதிகாரிக்காக எழுதப்பட்டதே அல்ல. நீதிபதிக்காக.

இதெல்லாம் ஒன்றாகக் கூடிவந்த இடம் வோல்க்கர் விதி. சட்டத்தின் 619ஆம் பிரிவு. மக்களின் வைப்புத்தொகைக்கு அரசு காப்பீடு தருகிறது, அந்தப் பாதுகாப்பில் நின்றுகொண்டு வங்கி தன் லாபத்துக்காகப் பந்தயம் கட்டக்கூடாது என்பது, ஃபெடரல் ரிசர்வ் எனும் அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பால் வோல்க்கரின் யோசனை. ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் வாடிக்கையாளர் விற்க வரும்போது வாங்கி வைத்து, இன்னொருவர் வரும்போது விற்கும் மார்க்கெட் மேக்கிங் அனுமதிக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள ஆபத்தைக் குறைக்கும் ஹெட்ஜிங் எனும் காப்பும் அனுமதிக்கப்பட்டது. இரண்டும் நியாயமான விலக்குகள்தான். ஆனால் திரையில் தெரியும் ஒரு வர்த்தகத்தைப் பார்த்து அது பந்தயமா, சேவையா, காப்பா என்று சொல்ல முடியாது. வாங்கியவரின் நோக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். நோக்கத்தை எப்படி அளப்பது? சண்டை முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஐந்து அமைப்புகள் சேர்ந்து இந்த ஒரே விதியை எழுத வேண்டியிருந்தது. 2011 அக்டோபரில் வெளிவந்த முன்மொழிவில் 1,300க்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. கேள்வி கேட்டால் பதில் வரும், பதில் எழுத வக்கீல் வைத்திருப்பவரே பெரும்பாலும் எழுதுவார். 18,000க்கும் மேல் கடிதங்கள் வந்தன. அவற்றில் தனித்தனியாக எழுதப்பட்டவை 600 சொச்சம். மீதி ஒரே வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பொதுமக்கள் அனுப்பியவை. பொதுமக்கள் கடிதங்கள் எண்ணிக்கையாகக் கணக்கில் வந்தன, மற்றவை வாதமாக. விதிவிலக்கு ஒன்று உண்டு. ‘ஆக்குபை தி எஸ்இசி’ (எஸ்இசி என்பது அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) என்ற தன்னார்வக் குழு, அதில் நிதித்துறையில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள், 325 பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பியது. பிரிவு பிரிவாக, மாற்று வாசகத்தோடு. இறுதி விதியின் அடிக்குறிப்புகளில் அது பல இடங்களில் மேற்கோளாக வருகிறது. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போக 325 பக்கம் எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஹெட்ஜிங் விலக்கில் ஒரு சொல் இருந்தது. வங்கி கையில் வைத்திருக்கும் தனித்தனி நிலைகளுக்கு, அதாவது முதலீடுகளுக்கு, மட்டுமல்லாமல், ‘மொத்தமாகச் சேர்த்த’ நிலைகளுக்கும் காப்பு எடுக்கலாம் என்று சட்டமே சொன்னது. அதை விரித்து, வங்கியின் முழுத் தொகுப்புக்கும் பொதுவான காப்பு என்ற பெயரில் எதையும் வாங்கலாம் என்று பொருள்கொள்ள இடம் தரும்படி முன்மொழிவு அமைந்தது. விலக்கை எழுதிய செனட்டர்கள் மெர்க்லியும் லெவினும் தாங்கள் நினைத்தது இதுவல்ல என்றார்கள். 2012 மே மாதம் ஜேபி மோர்கன் தன் லண்டன் பிரிவில் பெரிய நஷ்டம் என்று அறிவித்தது. கடன் டெரிவேட்டிவ்களில், அதாவது கம்பெனிகள் கடனைத் திருப்பித் தருமா என்பதை ஒட்டிய ஒப்பந்தங்களில், கட்டிய பந்தயம். வங்கி அதற்கு வைத்திருந்த பெயர், தொகுப்புக்கான காப்பு. நஷ்டம் கடைசியில் ஏறத்தாழ 620 கோடி டாலரில் நின்றது. அதன் பிறகே, 2013 டிசம்பர் 10 அன்று வந்த இறுதி விதியில், எந்த ஆபத்துக்கு எதிரான காப்பு என்று குறிப்பாக அடையாளம் காட்ட வேண்டும், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பகுப்பாய்வு செய்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் ஏறின. 2019 திருத்தத்தில் அந்தத் தொடர்புப் பகுப்பாய்வு நிபந்தனை நீங்கியது. அப்போது அது யாருக்கும் தலைப்புச் செய்தி இல்லை.

வங்கிகள் சொன்னதெல்லாம் புளுகு என்று இதை வாசிக்கக்கூடாது. முதல் வரைவு அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களுக்கு விலக்குத் தந்து, பிற நாட்டு அரசுகளின் பத்திரங்களைத் தடைக்குள் விட்டிருந்தது. கனடாவும் ஜப்பானும் பிரிட்டனும் எதிர்த்து எழுதின; அந்தக் குறை உண்மையானது. லாபியின் பலமே இங்கேதான் இருக்கிறது. பத்து ஆட்சேபத்தில் மூன்று சரியாக இருக்கும். அந்த மூன்றின் முதுகில் மற்ற ஏழும் ஏறி வரும்.

எண்ணை நகர்த்துவதற்கு டெபிட் அட்டைக் கட்டணம் நல்ல உதாரணம், ஏனென்றால் இதில் எதிர்த்தரப்பும் பணக்காரத் தரப்பு: பெரிய சில்லறை விற்பனையாளர்கள். நீங்கள் அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் உங்கள் வங்கிக்கு ஒரு கட்டணம் தருகிறார். அப்போது அது சராசரியாக 44 சென்ட். செனட்டர் டர்பின் கொண்டுவந்த திருத்தம், 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளுக்கு அதை ‘நியாயமான, செலவுக்கு ஏற்ற’ அளவாகக் குறைக்கச் சொன்னது. 2010 டிசம்பரில் ஃபெடரல் ரிசர்வ் முன்மொழிந்த உச்சவரம்பு 12 சென்ட். வங்கிகள் முதலில் தேதியைப் பிடித்தன. அமலாக்கத்தைத் தள்ளிப்போடும் முயற்சிக்கு 2011 ஜூனில் செனட்டில் 54 வாக்கு கிடைத்தது, தேவை 60. தேதி நகரவில்லை, எண் நகர்ந்தது. எந்தெந்தச் செலவை ‘செலவு’ என்று சேர்க்கலாம் என்ற வரையறை விரிந்தது. மோசடி நஷ்டம் உள்ளே வந்தது. இறுதி விதி: 21 சென்ட், அதோடு தொகையில் 0.05 சதவீதம், மோசடித் தடுப்பு நடவடிக்கை உள்ள வங்கிக்கு மேலும் 1 சென்ட். 40 டாலர் வாங்கினால் 21, 2, 1. ஆக 24 சென்ட். 12 என்பது சரியாக இரட்டிப்பானது. சில்லறை விற்பனையாளர்கள் 44இலிருந்து குறைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், வங்கிகள் 12இலிருந்து ஏற்றினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். தோற்றவர் யாரென்றால் இரண்டு டாலர் காப்பி விற்கும் சின்னக் கடைக்காரர். அவருக்கு முன்பு சிறு தொகைகளுக்கென்று தனிச் சலுகைக் கட்டணம் இருந்தது. உச்சவரம்பு வந்ததும் அட்டை நிறுவனங்கள் அந்த வரம்பையே எல்லாருக்கும் கட்டணமாக்கிவிட்டன. அந்த மேசையில் அவருக்கு நாற்காலி போடப்படவில்லை.

விதி வெளியான பிறகும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது, நீதிமன்றம். 2011 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இயக்குநர் தேர்தலில் பங்குதாரர்கள் தங்கள் வேட்பாளரை நிறுத்த வழிசெய்த எஸ்இசி விதியை ரத்து செய்தது. காரணம், செலவு-பலன் ஆய்வு போதாது. வங்கி விதியே இல்லை அது. ஆனால் அன்றிலிருந்து எஸ்இசி போன்ற அமைப்புகள் விதிகளுக்கு முன்னால் பொருளாதார நிபுணர்களை உட்கார வைத்துப் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தன. அடுத்த ஆண்டு, பண்டகச் சந்தையில் ஒருவர் எவ்வளவு கைப்பற்றலாம் என்று வரம்பு வைத்த சிஎஃப்டிசி (பண்டக முன்பேரச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) விதியை ஸ்வாப் (வட்டி, விலை போன்றவற்றின் ஏற்ற இறக்க ஆபத்தைக் கைமாற்றும் ஒப்பந்தம்) வணிகர்களின் சங்கமும் பத்திரத்துறைச் சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டு வீழ்த்தின. வரம்பு கட்டாயமா, அல்லது அவசியம் என்று முதலில் நிரூபித்த பிறகு மட்டுமா என்பதில் சட்ட வாசகம் தெளிவில்லை என்றார் நீதிபதி. மறுபடி எழுதி இறுதியாக்க 2020 அக்டோபர் ஆனது. எட்டு வருடம்.

எட்டு வருடமாவது ஒரு கணக்கு. வங்கி நிர்வாகிகளின் ஊக்கத்தொகை பற்றிய 956ஆம் பிரிவுக்கு விதி எழுத, சட்டம் ஒன்பது மாதக் கெடு வைத்தது. 2011இல் ஒரு வரைவு, 2016இல் ஒன்று, 2024இல் சில அமைப்புகள் மட்டும் சேர்ந்து மீண்டும் ஒன்று. இறுதி விதி வரவே இல்லை. எதிர்த்து யாரும் எதையும் தோற்கடிக்கவில்லை. காலமே அதைச் செய்தது.

சட்டத்தையே பின்வாசல் வழியாகத் திருத்துவது இன்னொரு வகை. 716ஆம் பிரிவு, வைப்புக் காப்பீடு பெறும் வங்கிகள் சில ரக ஸ்வாப் வணிகத்தை வங்கிக்கு வெளியே, தனி நிறுவனத்துக்குத் தள்ள வேண்டும் என்றது. அந்தப் பிரிவு நல்லதா என்பதில் சீர்திருத்தத் தரப்பிலேயே பேதம் உண்டு. அன்றைய ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பெர்னான்கியும், வைப்புக் காப்பீட்டு அமைப்பின் தலைவர் ஷீலா பேரும்கூட அதை விமர்சித்தார்கள். ஆனால் அது போன விதம் வேறு கதை. 2013இல் அதைத் தளர்த்தும் மசோதா பிரதிநிதிகள் சபைக் குழுவில் வந்தபோது, அதன் 85 வரிகளில் 70க்கும் மேற்பட்டவை சிட்டிகுரூப்பின் பரிந்துரையை ஒட்டியவை என்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. சபையில் நிறைவேறிய அந்த மசோதா செனட்டில் நகரவில்லை. 2014 டிசம்பரில், அரசு முடங்காமலிருக்க நிறைவேற்றியே ஆக வேண்டிய 1.1 லட்சம் கோடி டாலர் செலவின மசோதாவுக்குள் அந்தத் திருத்தம் நுழைந்தது. 1,600 பக்கத்துக்குள் ஒரு பிரிவு. ஜேபி மோர்கன் தலைவர் ஜேமி டிமோன் உறுப்பினர்களுக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசினார் என்று செய்தி வந்தது. செனட்டர் எலிசபெத் வாரன் அவையில் எழுந்து கடுமையாக எதிர்த்துப் பேசினார். சபையில் 219-206, அதன் பின் செனட்டிலும் தேறியது. அரசாங்கத்தை மூடவும் தயார், இந்தப் பிரிவு வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? செலவின மசோதாவைத் தேர்ந்தெடுத்ததன் சூட்சுமம் அதுதான்.

எந்த அளவுக்கு மேல் விதி பாயும் என்று சொல்லும் வாசல் எண்ணுக்கு வருவோம். டாட்-ஃபிராங்க், 5,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளைக் கடுமையான கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் வங்கிக்குத்தான் கோட்டின் மீது கோபம் அதிகம். சிலிக்கான் வேலி வங்கி 2015இல் சுமார் 4,000 கோடி டாலர் வங்கி. அதன் தலைவர் கிரெக் பெக்கர் செனட் வங்கிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், தங்கள் வணிகம் ஆபத்துக் குறைவானது, வாசலை உயர்த்துங்கள் என்றார். 2018 மே 24 அன்று கையெழுத்தான தளர்வுச் சட்டம் அதை 25,000 கோடியாக்கியது. மேடையில் பேசப்பட்டது கிராமத்து வங்கியைப் பற்றி. சின்ன வங்கிகளுக்கான சலுகைகளும் உண்மையாகவே அதில் இருந்தன. ஆனால் 5,000 கோடி டாலர் வங்கி எந்தக் கிராமத்திலும் கிடையாது. இன்னொரு திருத்தம் கவனத்துக்கே வரவில்லை. வங்கியின் தன்மைக்கேற்ப விதிகளை ஃபெடரல் ரிசர்வ் ‘தளர்த்தி அமைக்கலாம்’ என்றிருந்தது ‘அமைக்க வேண்டும்’ ஆனது. ஒரே ஒரு வினைச்சொல். அன்றுமுதல் கடுமைக்குத்தான் காரணம் காட்ட வேண்டும், தளர்வுக்கு இல்லை.

2022 கடைசியில் சிலிக்கான் வேலி வங்கியின் சொத்து 20,900 கோடி டாலர். வட்டி ஏறியதால், முதிர்வு வரை வைத்திருப்பதாகக் கணக்கிட்ட பத்திரங்களில் லாப நஷ்டக் கணக்கில் ஏறாத நஷ்டம் சுமார் 1,500 கோடி. வங்கியின் சொந்த மூலதனமோ சுமார் 1,600 கோடி. 2023 மார்ச் 8 அன்று வேறு பத்திரங்களை விற்றதில் 180 கோடி நஷ்டம் என்று சொன்னது. 9ஆம் தேதி ஒரே நாளில் 4,200 கோடி வெளியேறியது, மறுநாளைக்கு 10,000 கோடி வரிசையில் நின்றது. 10ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. பழைய வாசல் இருந்திருந்தால் தப்பித்திருக்குமா? இதில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களை நம்பக்கூடாது. ஃபெடரல் ரிசர்வின் நெருக்கடிச் சோதனைக்குள் இந்த வங்கி 2024இல்தான் முதன்முதலாக வரவிருந்தது என்பது தளர்வின் விளைவு. ஆனால் அந்த ஆண்டுகளின் கடும் காட்சிகளில் வட்டி விழுவதைத்தான் சோதித்தார்கள், ஏறுவதை இல்லை. ஃபெடரல் ரிசர்வின் கண்காணிப்புத் துணைத்தலைவர் மைக்கேல் பார் ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட அறிக்கை, எழுதப்பட்ட விதிகளோடு இன்னொன்றையும் சுட்டியது: கண்காணிப்பாளர்களின் மனநிலையே மாறிவிட்டிருந்தது, குறை கண்டாலும் அழுத்திச் சொல்லத் தயங்கினார்கள். சிலிக்கான் வேலி வங்கி மூடிய இரண்டு நாளில், மார்ச் 12 அன்று, மூடப்பட்ட சிக்னேச்சர் வங்கியின் இயக்குநர் குழுவில் பார்னி ஃபிராங்க் இருந்தார். ஆம், சட்டத்தின் பெயரில் பாதி.

அந்தச் சரிவின் பின்னணியில் 2023 ஜூலை 27 அன்று ‘பாசல் 3 எண்ட்கேம்’ முன்மொழிவு வந்தது; வங்கி மூலதனம் பற்றிய பன்னாட்டுத் தரத்தை அமெரிக்காவில் அமலாக்கும் விதி அது. மிகப்பெரிய வங்கிகளுக்கு மூலதனத் தேவை சுமார் 19 சதவீதம் கூடும் என்பது மதிப்பீடு. வழக்கமாக வக்கீல்களின் கடிதங்களில் முடியும் விஷயம் இந்த முறை அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பின் நடுவே விளம்பரமாக வந்தது. வீட்டுக்கடன் ஏறும், சிறு தொழில் நசுங்கும் என்றன அந்த விளம்பரங்கள். அவற்றில் ஓடும் ஒரு சொல்வழக்கை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்: மூலதனத்தை ‘ஒதுக்கி வைக்க’ வேண்டும் என்பது. மூலதனம் பெட்டியில் பூட்டும் பணம் இல்லை. வங்கி கடன் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதன் பெயர் அது. 100 டாலர் கடனில் 90 வைப்புதாரருடையது, 10 பங்குதாரருடையது என்றால் மூலதனம் 10. அதை 12 ஆக்கச் சொன்னால் 100 டாலரும் கடனாகவே வெளியே போகும், நஷ்டத்தை முதலில் தாங்குபவரின் பங்குதான் கூடும். பங்குதாரருக்கு லாப விகிதம் குறையும், வரிச் சலுகை போன்ற காரணங்களால் கொஞ்சம் செலவும் கூடலாம். ‘ஒதுக்கி வைத்தல்’ என்ற சொல் வந்துவிட்டால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. நிருபர்களும் அதையே எழுதுகிறார்கள். பத்து லட்சம் டாலர் விளம்பரம் செய்யாத வேலையை ஒரு வினைச்சொல் செய்துவிடுகிறது.

இதிலும் அந்த மூன்றும் ஏழும் உண்டு. கட்டண வருமானத்தைக்கூட ஆபத்தாக எண்ணிய கணக்கீடு கரடுமுரடானது. குறைந்த முன்பணத்தில் வீடு வாங்குபவர்களின் கடனுக்கு வைத்த ஆபத்து எடை வீட்டுவசதி அமைப்புகளையே வங்கிகளின் பக்கம் தள்ளியது. 2024 செப்டம்பரில் பார் தானே வந்து, 19ஐ 9 ஆக்கத் திட்டம் என்று அறிவித்தார். 2025 பிப்ரவரி கடைசியில் கண்காணிப்புத் துணைத்தலைவர் பதவியை விட்டு விலகினார். அந்த 9 சதவீத வடிவம் அவர் பதவிக்காலத்தில் இறுதியாகவில்லை.

இதையெல்லாம் வெளியிலிருந்து பின்தொடர நினைப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, ஓட்டைகளோடு. 1995 லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி லாபி செய்பவர்கள் காலாண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்: ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 20. படிவத்தின் பெயர் எல்டி-2. செனட் இணையதளத்தில் தேடலாம். பலர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் செய்தி ஆக்குகிறார்கள். அந்தத் தொகையில் விளம்பரச் செலவு பெரும்பாலும் இருக்காது. வழக்குச் செலவு இருக்காது. அரசிதழ் அறிவிப்புக்குப் பதிலாக அனுப்பும் கருத்துக் கடிதம் சட்டப்படி லாபி தொடர்பே அல்ல. ஒரு வாடிக்கையாளருக்கான தன் நேரத்தில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இதில் செலவிடுபவர் லாபிக்காரராகவே பதிய வேண்டாம். முன்னாள் செனட்டர் ஒருவர் ‘ஆலோசகர்’ என்று மட்டும் அட்டை அடித்துக்கொள்வது இதனால்தான்.

ஆகவே தொகையை விட்டுவிட்டு, குறிப்பிட்ட விவகாரங்கள் என்ற கட்டத்தைப் படிக்க வேண்டும். பாதிப் பேர் ‘டாட்-ஃபிராங்க் அமலாக்கம் தொடர்பானவை’ என்று எழுதி நழுவிவிடுவார்கள். விதி நிலையில் இருக்கும் விஷயமென்றால் ஃபெடரல் ரிசர்வும் எஸ்இசியும் வெளியிடும் சந்திப்புக் குறிப்புகளைப் பார்க்கலாம்: யார் வந்தார்கள், எதைப் பேசினார்கள் என்று ஒரு பத்தி. அதை வைத்துக்கொண்டு முன்மொழிவு, கடிதம், இறுதி விதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மாறிய சொற்களை மட்டும் அடிக்கோடிட்டால் பாதிக் கதை கிடைத்துவிடும். எல்டி-2 கட்டத்தில் பொதுப்படையான வார்த்தைகளுக்கு நடுவே ஒரு தனிப் பிரிவு எண் நான்கைந்து வங்கிகளின் படிவத்தில் ஒரே காலாண்டில் தலைகாட்டினால், அடுத்து வரும் செலவின மசோதாவை முழுவதுமாக இறக்கி வைத்துக்கொண்டு, முதலில் அந்த எண்ணைத் தேட வேண்டும்.